பொன்னையா அண்ணனின் பிரிண்டர் சத்தம்

எங்கள் தோட்டம் நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை போகிற பாதையில் இருக்கிறது. அங்கே தொழிலாளர் குடியிருக்கிற எந்த லயத்திலும் கேட்காத ஒரு சத்தம் பொன்னையா அண்ணன் வீட்டில் மட்டும் கேட்கும். நீளமாக ஓர் ஊளை, பிறகு கொரகொரவென்று ஓர் இரைச்சல், மறுபடியும் ஊளை. முதல் தடவை கேட்டபோது ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை, ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மூன்றாம் தடவை நேரே போய்க் கதவைத் தட்டிவிட்டேன். என் பொறுமை அவ்வளவுதான்.

உள்ளே அண்ணன் ஒரு பழைய லேப்டாப் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க சர்மிளா. கம்பியூட்டர் லோடாகுது. அஞ்சு நிமிசம் ஆகும்."

"லேப்டாப்புதான் ஏற்கெனவே ஓடுதே அண்ணே?"

"அதுக்குள்ள இன்னொரு கம்பியூட்டர் இருக்கு. அதுதான் லோடாகுது."

பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது உண்மை. எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு. அதைப் போட்டால் இன்றைய கணினி நாற்பது வருடத்துக்கு முந்திய கணினியைப் போல நடிக்கும். அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்துவார்கள். புரோகிராம் சாதாரணப் பாட்டுக் கேசட்டில் இருக்கும். டேப்ரெக்கார்டர் ஊளையிட ஊளையிட, கணினி அந்த ஊளையைக் கேட்டுப் புரிந்துகொள்ளும். அண்ணன் வீட்டில் கேட்டது அந்த ஊளை. ஒரு சொடுக்கில் முடிகிற வேலைக்கு ஐந்து நிமிடம் காத்திருப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பொன்னையா அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில், வாட்டிய கொழுந்தை மிஷின்கள் உருட்டிப் பிசைகிற ரோலர் காம்பராவில் முப்பது வருடமாக வேலை. நான் அதே தொழிற்சாலை ஆபிசில் கிளாக்கர். தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கர் ஐயாவின் மேசைக்கு எதிரே என் மேசை. அதனால் எனக்குத் தெரியாமல் அங்கே ஓர் ஈ பறக்காது.

ரோலர் காம்பராவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் கொழுந்து இறங்குவதற்கு முன் எல்லா ரோலரையும் சும்மா ஓட விடுவார்கள். பொன்னையா அண்ணன் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். பேரிங் தேய்ந்திருந்தால், ஓர் ஆணி தளர்ந்திருந்தால், அவருக்குக் கேட்டுவிடும். எல்லாம் சரியென்றால் கையைத் தூக்குவார். அவர் கை தூக்காமல் யாரும் ரோலருக்குப் பக்கத்தில் போகமாட்டார்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் அது. டீமேக்கர் யோகேஸ்வரன் ஐயாகூட அதற்குக் கட்டுப்பட்டவர்தான்.

போன மாசி மாதம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐம்பது வயது தாண்டிய ரோலர் காம்பரா ஆட்கள் எல்லோருக்கும் காது பரிசோதனை. தேறாதவர்களை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். நான்தான் அதைத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மற்றவர்கள் முகம் வாடியது. அண்ணன் மட்டும் சிரித்தார்.

"டாக்டர் மிஷினு கெட்டுப் போயிருந்தா நான் கேட்டுச் சொல்றேன்," என்றார்.

அந்தக் காம்பராதான் அவருக்கு மரியாதை, பெயர் எல்லாம். அது போய்விடும் என்று அவருக்குக் கனவில்கூடத் தோன்றவில்லை.

கணினிப் பைத்தியம் எப்படி வந்தது என்று ஒருநாள் துருவித் துருவிக் கேட்டேன். எண்பத்தேழாம் ஆண்டு அவர் சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மேனேஜர், பங்களாவில் வேலை பார்த்தாராம். அந்தத் துரையிடம் ரப்பர் பொத்தான் வைத்த ஒரு கறுப்புக் கணினி, ஒரு டேப்ரெக்கார்டர், ஒரு பிரிண்டர். அண்ணனுக்கு அந்த அறைக்குள் நுழைய அனுமதியில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று துணி தேய்ப்பார். உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வரும்.

"ஒருவாட்டிகூட தொடலியா?"

"தொட்டதே இல்ல. அதுனாலதான் சத்தம் நல்லா மனசுல இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பொத்தானைத் தொட விட்டிருந்தால் துரையின் குடி முழுகியா போயிருக்கும்? அண்ணனுக்கு அந்தக் கோபம் துளியும் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்கு வந்த ஆச்சரியம் அப்படியே இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் எமுலேட்டர் படத்தைக் காட்டும், கேசட் ஊளையையும் போடும். பிரிண்டர் மட்டும் ஊமை. அச்சடிக்கச் சொன்னால் சத்தமில்லாமல் ஒரு பக்கம் வந்து நிற்கும். அது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. போலந்து நாட்டுக்காரர் ஒருவர் அந்த மென்பொருளைக் கவனித்துக்கொள்கிறார். அவருக்கு அண்ணன் மொழிபெயர்ப்புச் செயலியின் தயவில் எழுதிப் போட்டார். "நீங்கள் சத்தத்தைக் கொடுங்கள், நான் சேர்க்கிறேன்" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து வீடே பட்டறையாகிவிட்டது.

ரப்பர் பொத்தானின் சத்தத்துக்கு, பாட்டா ரப்பர் செருப்பைக் கட்டை விரலால் அமுக்கிப் பதிவு செய்தார். காகிதம் நகர்கிற சத்தத்துக்கு, ஜெர்கின் ஜிப்பை ஏற்றி இறக்கினார். பிரிண்டரின் தலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவதற்கு, அவர் மனைவி நாகலெட்சுமி அக்காவின் தையல் மிஷின். அந்தக் காலத்துப் பிரிண்டரில் ஊசிகள் மை ரிப்பனில் குத்தித்தான் எழுத்து விழும். அந்தக் குத்தும் சத்தத்துக்கு மட்டும் நாலு மாதம் பிடித்தது. சீப்பு, ஈர்க்கு, தகர டப்பா, ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் சீப்பையே தகரத்தில் உரசிப் பதிவு செய்து, லேப்டாப்பில் அதன் கூர்மையை ஏற்றி ஏற்றி, "இதுதான், இதேதான்," என்றார்.

எனக்குப் போட்டுக் காட்டினார். பல் கூசியது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். அக்கா அடுப்படியிலிருந்து, "அத நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். அந்த அக்கா எப்போதும் கத்தித்தான் பேசுவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. போலந்துக்காரரும் மரியாதையாகக் கேட்டிருந்தார்: இவ்வளவு கிரீச்சென்றா இருக்கும்?

"அவரு பிரிண்டரு பாத்ததில்ல போல," என்று அண்ணன் முடித்துவிட்டார்.

வினையைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான். ஆபிஸ் பழைய கோப்பு அறையைச் சுத்தம் செய்தபோது சாக்குக்குள் ஒரு பிரிண்டர் கிடைத்தது. சின்னத்துரை மாற்றலாகிப் போகும்போது தொழிற்சாலைக்கு விட்டுப்போனது என்று அதிலேயே சீட்டு ஒட்டியிருந்தது. டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு, ஆட்டோவில் ஏற்றி, அண்ணன் வீட்டு வாசலில் இறக்கினேன். அவர் அதைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு, ஜன்னலுக்கு வெளியே நின்றவர் முதன்முதலாக அதைத் தொட்டார்.

காய்ந்த ரிப்பனுக்கு முத்திரை மையும் தையல் மிஷின் எண்ணெயும் தடவினார். அந்த வகைப் பிரிண்டரில் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் எல்லா எழுத்தையும் தானாக அச்சடித்துக் காட்டும். அப்படியே செய்தார். பிரிண்டர் சிலிர்த்துக்கொண்டு ஓடியது. சரசரவென்று வரிவரியாக எழுத்து விழுந்தது. நான் கைதட்டினேன்.

அண்ணன் முகம் சுருங்கியிருந்தது.

"இல்ல. இதுல கோளாறு. ஊசி குத்தல."

"எழுத்து விழுதே அண்ணே!"

"சத்தம் இல்லியே. தலை ஓடுறது மட்டுந்தான் கேக்குது."

ரோலர் காம்பராவின் வேதம் அது. சத்தம் தப்பென்றால் மிஷின் தப்பு. மூன்று நாள் மாலையும் வேலை முடிந்து வந்து அந்தப் பிரிண்டரைக் கழற்றினார், துடைத்தார், எண்ணெய் விட்டார், பூட்டினார். ஒவ்வொரு தடவையும் அது ஒழுங்காக அச்சடித்தது. ஒவ்வொரு தடவையும் கோளாறு என்றார். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆடத் தெரியாதவ தெருக் கோணலுன்னாளாம். சீப்பும் தகரமும் சரி, நெசப் பிரிண்டரு தப்பா அண்ணே?"

சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கும் அந்த வார்த்தை என்னைக் குத்துகிறது. ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தாளைக் கையில் எடுத்தார். எழுத்துகளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஊசி குத்திய மேடுகள் வரிசையாக இருந்தன.

"குத்தியிருக்கு," என்றார், மெதுவாக. பிறகு அவருடைய புத்தி வேலை செய்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. பிரிண்டரை ஓடவிட்டு லேப்டாப்பில் பதிவு செய்தார். பதிவு செய்கிற மென்பொருள் சத்தத்தைப் படமாகவும் காட்டும். கனத்த சத்தம் கீழே, கிரீச்சென்ற சத்தம் மேலே. பலமான இடம் வெளிச்சமாக இருக்கும். கீழே, தலை ஓடுகிற சத்தம் மங்கலாகத் தெரிந்தது. மேலே ஒரு பளிச்சென்ற பட்டை.

"இது என்ன?"

"ஊசி குத்துறது அண்ணே. எனக்கு நல்லாக் கேக்குது."

அதன் பக்கத்திலேயே தான் செய்த சத்தத்தின் படத்தைத் திறந்தார். அதே உயரத்தில், அதைவிட நாலு மடங்கு வெளிச்சமான பட்டை. நிஜத்தில் உள்ளதைத் தன் காதுக்கு எட்டும்வரை ஏற்றி வைத்திருக்கிறார். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு சரியாக வந்தால் ஒரு பிள்ளை பார்க்குமே, அந்த மாதிரி முகம். அதற்கு என்ன அர்த்தம் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு எட்டியது. நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அடுப்படியிலிருந்து நாகலெட்சுமி அக்கா வந்து நின்றார்.

"ஏன் புள்ள, ஒனக்குத் தெரியுமா?" என்று அவரைக் கேட்டார் அண்ணன்.

"ரெண்டு வருசமாத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எத்தன வாட்டி சொல்றது? குக்கர் விசில் அடிக்குதுன்னு சொன்னா இல்லம்பீங்க. போன் கத்துதுன்னா இல்லம்பீங்க. ஒங்களுக்குக் கேக்கணும்னுதானே இந்தத் தொண்டைய கிழிச்சிக்கிறேன். கோவத்துல கத்துறேன்னா நெனச்சீங்க?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. அக்காவுக்கு வைத்த பெயரைச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன். தொழிற்சாலையிலும் ஒருவரும் கவனிக்கவில்லை. ரோலர் இரைச்சலில் அங்கே எல்லோருமே உதட்டைப் பார்த்தும் கைச்சாடையிலும்தான் பேசிக்கொள்வார்கள். காது நன்றாக இருப்பவரும் இல்லாதவரும் அந்தக் காம்பராவுக்குள் ஒன்றுதான்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "காது டெஸ்ட்டுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. என்னா சொல்றாங்கன்னு அப்பப் பாப்போம். நீங்களாப் போயி ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றார். இந்தத் தடவை கத்தவில்லை. அண்ணன் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அக்கா சொன்னதுதான் சரி என்று சொன்னேன். சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன்?

மறுநாள் காலை நான் ஆபிஸ் கதவைத் திறந்தபோது அண்ணன் வாசலில் நின்றார். நனைந்த ஜெர்கினைக்கூடக் கழற்றவில்லை. கீழே ரோலர்கள் சும்மா ஓட ஆரம்பித்திருந்தன. டீமேக்கர் ஐயா வந்ததும் அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. படத்தைக்கூடக் கொண்டுவந்து காட்டினார்.

ஐயா நல்ல மனுசன். படத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு நினைவு வந்து உயர்த்தினார்.

"பொன்னையா, இது என்னமோ பிரிண்டர் சத்தம். ரோலர் சத்தம் வேற. டாக்டர் வரட்டும். அதுவரைக்கும் எப்பவும் போல நீயே பாரு. ஒன்ன வெளிய எடுத்தா அங்க யாரு நிக்கிறது?"

"பேரிங் தேயுற சத்தமும் இந்த ஒயரத்துலதான் வரும்யா. அது எனக்குத் தெரியும்."

"நேத்து வரைக்கும் ஒண்ணும் ஆகலியே. நீதானே சரின்னு கை தூக்குன?"

அண்ணன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வாட்டிய கொழுந்தோடு வீரய்யாவும் மற்ற மூன்று பேரும் ரோலர்களுக்கு எட்ட நின்று, அவர் இறங்கி வருவதற்காகக் காத்திருந்தார்கள்.

"தூக்குனேன்யா. நேத்து தெரியாமத் தூக்குனேன். இன்னைக்குத் தூக்குனா அது பொய்யி. அதுக்குள்ள கைய வெக்கிறது அவங்க."

ஐயாவும் கீழே நின்றவர்களைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஜன்னலைத் திறந்து, ரோலர்களை நிறுத்தச் சொன்னார்.