பின்வாங்காத அலை

அந்த வருஷம் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் வங்கி ஆசை. மூன்றாம் ஆண்டு முடிவில் ஆறு மாதம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி செய்யாவிட்டால் பட்டம் கிடையாது. பீடத்து அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலில் வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் வரிசையாக நின்றன. குளிரூட்டிய அறை, கழுத்துப்பட்டி, முடிந்ததும் அங்கேயே வேலை. எல்லாவற்றுக்கும் அடியில், தட்டச்சில் இல்லாமல் பேனாவால் எழுதிச் சேர்த்த ஒரு வரி இருந்தது. கிராஃபிக்ஸ் புரோகிராமிங், ஓர் ஆள். பம்பலப்பிட்டியில் ஒரு முகவரி.

அந்த வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். பின்னால் நின்றவர்கள் தள்ளத் தொடங்கிய பிறகுதான் விலகினேன்.

எனக்கு ஏன் அந்தப் பைத்தியம் என்று கேட்டால் ஒரே பதில்தான். பள்ளிக்கூடக் காலத்தில் பல வருஷம் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவன் நான். கொழும்புக்கு வந்து முதன்முதலாக ஒரு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தபோது, இந்த இடத்தில் ஒரு புள்ளி போடு என்று எழுதினேன். கறுப்புத் திரையில் அந்த இடத்தில் ஒரு புள்ளி எரிந்தது. பக்கத்தில் இருந்தவன் கொட்டாவி விட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்கும் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

நான் வெள்ளவத்தையில் மாமி வீட்டில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில், போரால் பாதை மூடிய அந்தப் பக்கம். அவர்கள் கடிதம் வரக் கிழமைக் கணக்கில் ஆகும்; வரும்போது அதில் கேட்டிருந்த கேள்விகளுக்கெல்லாம் காலம் போயிருக்கும். மாமியிடம் தொலைபேசி இருந்தது, கொம்பியூட்டர் இல்லை. கொட்டாஞ்சேனையில் என் வகுப்பு நண்பன் ஒருவன் வீட்டில் ஒன்று இருந்தது. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அவனுடைய அப்பா எங்கேயோ பழையதாகப் பிடித்து வந்தது அது. அவனும் வங்கிக் கோஷ்டிதான். சனி ஞாயிறுகளில் எனக்கு அந்த மேசையை விட்டுக்கொடுத்துவிட்டுக் கட்டிலில் கிடந்து கிரிக்கெட் கேட்பான்.

பம்பலப்பிட்டிக்காரர்கள் விண்ணப்பத்தோடு ஒரு வேலையும் கேட்டிருந்தார்கள். அசைகிற ஏதாவது ஒன்றை நீங்களே வரைந்து டிஸ்கட்டில் கொண்டு வாருங்கள். என்ன வரைவது என்று நான் யோசிக்கவே இல்லை. மாமி வீட்டு ஒழுங்கையின் கடைசியில் தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல். நான் கடலை வரைந்தேன்.

வரைந்தேன் என்று சொல்வது லேசு. தண்ணீரை நூற்றுக்கணக்கான முக்கோணங்களாக வெட்டி, ஒவ்வொரு மூலையும் எந்த நேரத்தில் எவ்வளவு உயர வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். அதற்காகப் பின்னேரங்களில் பாறையில் இருந்து, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று கொப்பியில் குறித்தேன். இரண்டாம் நாளே காவலுக்கு நின்ற சிப்பாய் வந்து கொப்பியை வாங்கிப் பார்த்தான். முழுக்க எண்கள். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான். அலை எண்ணுகிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு அவனும் கொஞ்சநேரம் கடலைப் பார்த்துவிட்டு, பெரிய அலை ஏழாவதாகத்தான் வரும், எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பித் தந்தான். நல்ல மனுஷன். நான் அதற்குப் பிறகு கொப்பி கொண்டு போகவில்லை. மனத்தில் எண்ணிக்கொண்டு வந்து வீட்டில் எழுதினேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போகிற பஸ்ஸை எப்படியும் ஒரு சோதனைச்சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். டிஸ்கட்டுகளை ஒரு சவர்க்காரப் பெட்டியில் வைத்திருந்தேன். சோதிக்கிறவர்கள் உலோகம் தேடும் கருவியை அதன் மேலே கொண்டுபோகும்போதெல்லாம் நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். குண்டுக்குப் பயந்து அவர்கள் தேட, அதன் காந்தத்தில் டிஸ்கட்டில் இருக்கும் கடல் அழிந்துவிடும் என்று நான் பயந்தேன். அது அழிக்குமா அழிக்காதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு பிரதியைப் பெட்டியிலும் இன்னொன்றைச் சப்பாத்துக்குள்ளும் கொண்டுபோக நினைத்து, சப்பாத்துக்குள் ஏதாவது வைத்தவனுக்கு என்ன நடக்கும் என்பதை யோசித்து விட்டுவிட்டேன்.

நண்பனுடைய கொம்பியூட்டர் பாவம். அதில் கிராஃபிக்ஸ் கார்ட் கிடையாது. ஒரு படத்தை வரைய ஒரு செக்கனுக்கு மேல் எடுக்கும். அலை உயரும், நிற்கும், யோசிக்கும், பிறகு இன்னும் கொஞ்சம் உயரும்.

"மச்சான், இது கடலா, கல்யாண அல்பமா?" என்றான் நண்பன் கட்டிலில் கிடந்தபடி. "ஒவ்வொரு படமா திருப்புற மாதிரி இருக்கு."

"கார்ட் இருந்தா ஓடும்டா."

"இருந்தாத்தானே."

அவனுடைய அம்மா வாசலில் நின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மகன். தண்ணி மாதிரியே இருக்கு. வாங்க, சோறு ஆறுது" என்றார். என் ஆயுளில் என் வேலைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. நான் அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

நேர்முகத்துக்கு மாமி ஸ்திரி போட்ட சேர்ட்டோடு போனேன். அது ஒரு வீட்டின் மேல்மாடி. நாலைந்து பேர், கழுத்துப்பட்டி ஒருவருக்கும் இல்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குக் கொம்பியூட்டர் விளையாட்டுகளுக்கான காட்சிகளைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் என்று சொல்லக்கூடியவர் முப்பது வயதைத் தாண்டாத சிங்களவர். காலில் ரப்பர்ச் செருப்பு. கேள்வி ஒன்றும் கேட்காமல் டிஸ்கட்டை வாங்கித் தன்னுடைய இயந்திரத்தில் போட்டார்.

கடல் ஓடியது.

அப்படித்தான் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக நான் துண்டு துண்டாகப் பார்த்த அலை, நிற்காமல், யோசிக்காமல், எழுந்து உருண்டு வந்தது. அதைச் செய்தவன் நான். அதை அப்போதுதான் முதல் தரம் பார்க்கிறேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"எந்தக் கடல்?" என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"வெள்ளவத்தை."

அவர் திரையில் கரையை விரலால் தொட்டுக் காட்டினார். "வருகிறது சரி. ஆனால் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகவேண்டும் அல்லவா? உன்னுடைய அலை வந்து அப்படியே காணாமல் போகிறது."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அத்தனை நாள் பாறையில் இருந்து எண்ணியவன், வருவதை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன். அதை எப்படிச் செய்வது என்று கேட்டேன். அவர் சிரித்தார். வா, வந்த பிறகு சேர்ந்து செய்யலாம் என்றார். இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் பத்து நாளுக்குள் தானே தொலைபேசியில் கூப்பிடுவதாகச் சொன்னார்.

அந்த அறையைப் போல வேறு எதற்கும் நான் ஏங்கியதில்லை. பஸ்ஸில், குளிக்கும்போது, சோற்றில் கை வைத்தபடி, அந்தத் தண்ணீரை எப்படிப் பின்வாங்க வைப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு கேள்விக்காகவே அங்கே போக வேண்டும் போலிருந்தது.

இப்போது தொலைபேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பொலிஸுக்குப் பயந்து எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பின் தெரியாத குரல் சிங்களத்தில் ஓர் இளந்தாரியின் பெயரைச் சொல்லிக் கேட்டால், 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று சொல்லி வைத்துவிட வேண்டும். இதில் ஒரு அர்த்தமும் இல்லை. நாங்கள் எல்லோரும் பொலிஸில் பதிந்தவர்கள். பெயர், வயது, எந்த அறை என்பது வரைக்கும் அவர்களுடைய புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் சொல்வோம். வெள்ளவத்தையில் அரைவாசிப் பேர் அப்படி வீட்டில் இல்லாதவர்களாகவே வாழ்ந்தோம்.

ஆகவே அந்தப் பத்து நாளும் நான் மாமிக்கு வாத்தியார் ஆனேன்.

"மாமி, ஆர் கேட்டாலும் இல்லையெண்டு சொல்லிப்போடாதேங்கோ. கம்பனியில இருந்து கோல் எடுப்பினம்."

"ஓம் ஓம். எத்தினை தரம் சொல்லுவாய்?"

"சிங்களத்திலயும் கதைப்பினம்."

"கதைக்கட்டும். இருக்கிறார், கூப்பிடுறன் எண்டு சொல்லுறன். காணுமே?"

காணாது, வாயால் சொன்னது போதாது என்று, 'இல்லை என்று சொல்லக்கூடாது' என எழுதித் தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒரு தாளும் ஒட்டினேன். மாமி அதைப் பார்த்துவிட்டு, தனக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டானோ என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

எட்டாம் நாள் பொலிஸ் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து வீடு வீடாகத் தேடியது. முன்வீட்டில் வாடகைக்கு இருந்த ஒருவரை, என் வயதுதான், விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் அடையாள அட்டைகளை வாங்கிப் பெயர்களை உரத்து வாசித்தார்கள். என்னுடைய முழுப்பெயரை, அப்பாவின் பெயரை முன்னால் வைத்து, எழுத்தெழுத்தாக இழுத்து வாசித்தவர், நாளைக்குத் தேவைப்பட்டால் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதை ஒருவேளை எல்லோருக்கும்தான் சொல்லியிருப்பார்.

அடுத்த நாள் பின்னேரம் மாமி கோயிலுக்குப் போயிருந்தார். முன்வீட்டுக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை. தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

ஓர் ஆண் குரல். சிங்களம். என்னுடைய முழுப்பெயர், அப்பாவின் பெயர் முன்னால், எழுத்தெழுத்தாக. இந்த நபர் இருக்கிறாரா?

"எஹெம கெனெக் மெஹே நே" என்றேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை. மிக மரியாதையாகச் சொன்னேன். வைத்துவிட்டேன்.

நான் ஒட்டிய தாள் என் மூக்குக்கு நேரே இருந்தது. அதை முழுவதும் வாசித்து முடித்த பிறகுதான், விண்ணப்பத்தில் என் முழுப்பெயரை அப்படித்தான் எழுதியிருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. திரும்ப அடிக்கட்டும் என்று கதிரையைப் போட்டு அதற்கு முன்னாலேயே இருந்தேன். மாமி திருநீற்றோடு வந்து, "என்னடா, பேயைக் கண்ட மாதிரி இருக்கிறாய்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவருக்கு நான் இதைச் சொன்னதே இல்லை.

நானாக அந்தத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்துப் பேசத் துணிவில்லை. என் குரலை அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மூன்றாம் நாள் காலை நேரே பம்பலப்பிட்டிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்தே விட்டார்.

"எங்கே போயிருந்தாய்? உன்னைத்தான் எடுப்பதாக இருந்தோம். நானே கூப்பிட்டேன். அப்படி ஒருவர் இல்லை என்று சொன்னார்கள். வெளியே போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தால் திரும்பக் கூப்பிட்டிருப்பேன்."

எனக்குப் பதிலாக எடுத்தவன் முந்தின நாளே சேர்ந்துவிட்டான். அறையின் மூலையில், யன்னலோரம் இருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? உங்கள் குரலைப் பொலிஸ் என்று நினைத்தேன் என்று, இவ்வளவு அன்பாக நிற்கிற மனிதரிடம்? அதுவும் ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்று அவர் ஒரு கணம் யோசித்துவிட்டால்? அந்த ஒரு கணத்தை அவருடைய முகத்தில் பார்க்க என்னால் முடியாது.

"நம்பரைப் பிழையாக எழுதிவிட்டேன் போல" என்றேன்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். சொந்த நம்பரைப் பிழையாக எழுதுகிறவன் எப்படி அந்தக் கணக்கையெல்லாம் போட்டாய் என்றார். பிறகு என் விண்ணப்பத்தைத் தேடி எடுத்து மேசையில் விரித்து, பேனாவைத் திறந்தார். நீ பட்டம் முடிக்கிற நேரம் எங்களுக்கு நிரந்தரமாகவே ஓர் ஆள் தேவைப்படும், உன்னைத்தான் முதலில் கூப்பிடுவேன், சரியான நம்பரைச் சொல் என்றார்.

தாளில் மாமி வீட்டு நம்பர் இருந்தது. ஓர் இலக்கம்கூடப் பிழையில்லாமல், என் கையால் எழுதிய நம்பர். அதையே திரும்பச் சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடும். கொட்டாஞ்சேனை நண்பன் வீட்டு நம்பரைச் சொல்லியிருக்கலாம். அது படியிறங்கிக் காலி வீதிக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார். நான் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிச் சொன்னேன். அவர் பழையதை வெட்டி, பக்கத்தில் புதியதைத் தெளிவாக எழுதி, எனக்குக் காட்டிச் சரிதானே என்று கேட்டார். சரி என்றேன்.

ஆறு மாதமும் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பனியில் சம்பளப் பட்டியல் அச்சடிக்கிற புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தேன். பம்பலப்பிட்டியைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸில் மற்றப் பக்கம் இடம் பிடிப்பேன். போய் உண்மையைச் சொல் என்று ஒவ்வொரு கிழமையும் எனக்கு நானே சொன்னேன். கிழமைகள் கூடக் கூடச் சொல்ல வேண்டியதும் கூடிக்கொண்டே போனது.

அவர் சொன்னதைச் செய்கிற மனிதர். அடுத்த வருஷம் அந்த நம்பருக்குக் கட்டாயம் கூப்பிட்டிருப்பார். நான் கண்டிராத ஒரு வீட்டில் மணி அடித்திருக்கும். யாரோ ஒருவர் வேலையை விட்டு எழுந்து வந்து, என் முழுப்பெயரைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டு, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லியிருப்பார். அந்த வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை.