மடக்குக் கத்தி

சரிதாவைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி என்னைத்தான் நாலு வார்த்தை திட்டணும். அவளைக் கொழுந்து பறிக்கப் பேர் பதியச் சொன்ன புண்ணியவதி நான்தான்.

பந்தலூர்ப் பக்கம் எங்க எஸ்டேட்டுல ஒரு வழக்கம். வேலைக்காரர் ரிட்டயர் ஆனா, வீட்டுல இன்னொருத்தர் வேலைக்குப் பேர் பதியணும். இல்லேன்னா எஸ்டேட் குடுத்த லயத்து வீட்டுச் சாவியைத் திருப்பிக் குடுத்துடணும். அடுத்த வாசல் வீரையா அண்ணன் மார்ச்சுல ரிட்டயர் ஆனாரு. அவரு சம்சாரம் தெய்வம்மா நிரந்தரமில்லாத கேசுவல் ஆளு, அவ பேருக்கு வீடு கிடையாது. மகன் விஜயன் பன்னெண்டாவது படிக்கிறான். மிச்சம் இருந்தது மக சரிதா.

அவ கோயம்புத்தூர்ல எம்.எஸ்ஸி. முடிச்சவ. ஏதோ புரதத்தோட உருவத்தைப் பத்திப் படிச்சாளாம். மேல ஆராய்ச்சி பண்ண அங்கேயே ஒரு ஆய்வுக்கூடத்துல கூப்பிட்டிருந்தாங்க. ஜூலை முதல் திங்கக்கிழமை போய்ச் சேரணும். "ரெண்டு வருஷம் பறி, தம்பி தலையெடுத்ததும் போயிடு"ன்னு நான்தான் தேன் தடவிப் பேசினேன். ரெண்டு வருஷம்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? நானும் ரெண்டு வருஷம்னுதான் வந்தேன். இருபத்தேழு ஆச்சு.

அந்தத் திங்கக்கிழமை சரியான மழை. பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கிட்டு நானும் சரிதாவும் தெய்வம்மாவும் ஒரே வரிசையில பறிச்சோம். மழை பிடிச்சா தேயிலைக்குக் கொப்புள நோய் வரும், இலைக்கு அடியில வெள்ளையா வீங்கும். ஒரு செடியில மட்டும் வீக்கம் இல்ல, பொடிப்பொடியா பழுப்புப் புள்ளி. இதுவும் போச்சுன்னு கிள்ளிப் போடப் போனேன்.

"விடுங்க சித்தி. அது நோயில்ல, நோயைத் தடுத்த தழும்பு."

பேர் பதிஞ்ச நாள்லருந்து வாயே திறக்காத சரிதா, அன்னிக்குத்தான் பேசினா.

"இந்த நோயைக் கொண்டு வர்ற பூஞ்சைக் காளானுக்கு உயிரோட இருக்கிற செல்லுதான் சாப்பாடு. அது நுழைஞ்ச இடத்துல செல்லு தன்னையே கொன்னுக்கும். தின்ன ஒண்ணுமில்லாம காளானும் சாகும். மத்த இலை பச்சையா இருக்கும்."

"தானே எப்படிடி சாகும்?"ன்னா தெய்வம்மா.

"உள்ள ஒரு புரதம் இருக்கும்மா. மடக்குக் கத்தி மாதிரி தன் மேலயே மடிஞ்சு கிடக்கும். மடிஞ்சிருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாது. காளான் வந்தது தெரிஞ்சதும் உருவம் மாறி விரியும். அப்படி விரிஞ்சது அஞ்சு ஒண்ணா சேர்ந்து வட்டமா கூடிச் செல்லோட தோல்ல ஓட்டை போட்டுடும். கோதுமையில இதைப் பார்த்துட்டாங்க. தேயிலையிலயும் அப்படித்தானான்னு, இன்னிக்குப் போய்ச் சேர்ந்திருந்தா நான் பார்த்திருப்பேன்."

பேச்சை மாத்தணுமேன்னு, "யாரு அதை மடிச்சு வைக்கிறது?"ன்னு கேட்டேன்.

"யாரும் இல்ல சித்தி. அதுவேதான் மடிஞ்சு கிடக்கும். நேரங்கெட்ட நேரத்துல விரிஞ்சா நல்ல இலையும் கருகிடுமே."

தெய்வம்மா பறிக்கிறதை நிறுத்திட்டா. "நாங்க மூணு பேரும் பச்சையா இருக்க நீ கருகுறியாடி?"

சரிதா பையை இழுத்துக்கிட்டு அடுத்த செடிக்குப் போயிட்டா.

சாயங்காலம் தெய்வம்மா ஆணியிலருந்து சாவியை எடுத்தா. எஸ்டேட் ஆபீஸ்ல குடுத்துட்டு வரேன்னு கிளம்பினா. வீரையா அண்ணன் தடுக்கல, சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிட்டாரு. நானும் கூட வரேன்னு செருப்பு மாட்டினேன். இப்பவாவது புத்தி வந்துச்சே எனக்கு.

வாசல்ல சரிதா நின்னா.

"குடுத்துட்டு எங்கம்மா போவீங்க?"

"எங்கயாவது போறோம். நீ கோயம்புத்தூர் போ. ரெண்டு நாள் பிந்தினா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"அப்பா தேஞ்ச முட்டியை வச்சுக்கிட்டு எந்த வீட்டுப் படி ஏறுவாரு? தம்பி எங்கருந்து பரீட்சை எழுதுவான்?"

யாராவது பதில் சொல்லுவோம்னு சரிதா எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தா. அப்புறம் அம்மா விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுச் சாவியை வாங்கி ஆணியில மாட்டினா.

"சித்தி, நாளைக்கு எந்தத் தேயிலைக் காட்டுல பறிக்கணும்?"ன்னு என்கிட்ட கேட்டா.