மிளகுக்கு வாயைக் கட்டிய வேன்காரக்கா

எங்கள் குடியிருப்பில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெண் ஒருவர் இருக்கிறார். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் வேன்காரக்கா. ஹாரனுக்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும். எனக்கு மனிதர்களை அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. அவரைப் பிடித்துப்போனது மிளகு விஷயத்துக்குப் பிறகுதான்.

மிளகு, வாட்ச்மேன் அண்ணன் வளர்க்கும் கறுப்பு நாய். மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில் இருவரும் குடித்தனம். அது போடும் குட்டிகள் கொஞ்சம் வளர்ந்ததும் யாராவது சாக்கில் கட்டிக்கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடுவார்கள். அப்புறம் மிளகு மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு வீட்டுக் கால்மிதியையும் மோந்து பார்க்கும். பார்க்கச் சகிக்காது. ஏதாவது தின்னக் கொடுத்துவிட்டு, பெரிய புண்ணியம் செய்தவர்கள்போலக் கதவை மூடிக்கொள்வோம்.

கடைசியாகப் போட்டதில் ஒரு குட்டி கார்ச் சக்கரத்தில் மாட்டிச் செத்துப்போனது. ஓட்டியவர் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். மனுஷர் ஆடிப்போய்விட்டார். அந்த வேகத்தில், "இன்னொரு தடவை குட்டி போட்டா அந்த நாய் இங்க இருக்கக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"அவ போனா நானும் போறேன் சார்" என்றார் வாட்ச்மேன் அண்ணன். போக அவருக்கு வேறு இடம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஏண்ணே, கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டா முடிஞ்சது!" என்றார் வேன்காரக்கா. விலங்குகளுக்கு உதவும் அமைப்பு ஒன்று இலவச முகாம் நடத்துகிறதாம்.

"வயித்தைக் கிழிக்கிறதா? செத்துகித்துப் போயிட்டா?"

அக்கா அவரை வேனில் ஏற்றிக்கொண்டு முகாமுக்கே போனார். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய் வராது, ஆண் நாய்கள் வாசலில் கூடிக் கடித்துக்கொள்ளாது, உடம்பும் தேறும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் அண்ணனுக்கு மூச்சு வந்தது. "ஒண்ணே ஒண்ணு, வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

அங்கேதான் கோட்டைவிட்டோம். குறித்த நாளில் மிளகு டாக்டரின் மேஜைமேலேயே கக்கிவைத்தது. பிஸ்கட், முட்டை, மீன். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். 'பாவம், பட்டினியாமே' என்று மாடிக்கு மாடி ரகசியமாக ஊட்டியிருக்கிறார்கள். மீன் யார் வீட்டுடையது என்பது மட்டும் இன்றுவரை துப்புத் துலங்கவில்லை.

நானாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். அக்காவோ அடுத்த முகாமுக்கு முந்தின சாயங்காலம் ஒரு வாளியோடு வீடு வீடாக வந்தார். "அவளுக்குக் குடுக்கறதை இதுல போடுங்க. எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல வெக்கறேன். மயக்கம் தெளிஞ்சு, டாக்டர் சரின்னதும் அவளுக்கே குடுத்துடலாம்." கொடுக்காதே என்றால் கேட்காத கைகள் எங்களுடையவை. அதை அவர் தெரிந்துவைத்திருந்தார். அதையும் நம்பாமல், மிளகையும் வாட்ச்மேன் அண்ணனையும் வேனுக்குள் படுக்கவைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கதவைப் பூட்டினார்.

அப்படியானால் கேட்டை யார் பார்ப்பது? போர்வையோடு வந்து வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தார், வேறு யார், செயலாளர்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டிவிட்டார்கள். மிளகு படியெல்லாம் இடித்துக்கொண்டு நடந்தது. ஆளுக்கு ஒரு வேளை காவல் இருந்தோம். வேன்காரக்கா அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வேனில் இப்போது அக்கம்பக்கத்துப் பூனையும் நாயும் முகாமுக்குப் போகின்றன. சாயங்காலம் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். "கழுவிட்டேன், சத்தியமா கழுவிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். ஊருக்கு இப்படி ஒருத்தர் இருந்தால் போதும்.

மிளகு வழக்கமாகக் குட்டி போடும் காலமும் வந்தது. கேட்டருகே ஆண் நாய்க் கூட்டம் இல்லை. சாக்கோடு யாரும் வரவில்லை. வாட்ச்மேன் அண்ணன் அதே அறையில்தான் இருக்கிறார். நேற்று மிளகு மாடியேறி வந்தது. கதவைத் திறந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. கால்மிதியை மோந்துகூடப் பார்க்காமல், நேராக என் தட்டில் இருந்த மீனைப் பார்த்தது.