பால் காய்ச்ச இடமில்லாத தார்சு வீடு

அறுபதுகளின் கடைசியில் எங்கள் தெருவின் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடுகள் ஆயின. புது வீடு என்றால் கூடம் பெரிதாக இருக்கும், மனிதர்களுக்காக அல்ல, பனியன் துணி பின்னும் மெசினுக்காக. அப்பாவும் அப்படித்தான் கட்டினார். மெசின் அதிர்வில் தரை விரிசல் விடக்கூடாதென்று கூடத்துக்கு மட்டும் கனமாகக் கான்கிரீட் போட்டார். துணியில் ஓட்டை இருந்தால் தெரிவதற்காக அகல ஜன்னல் வைத்தார். பூச்சு காய்ந்ததும் மெசினை இறக்கிவிட்டார்.

குடிபுகும் நாளில் அம்மா பால் பானையோடு உள்ளே வந்தாள். அடுப்பு மேடை இருக்க வேண்டிய அறையில் நூல் மூட்டைகள் தலை உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன.

"ஏனுங்க, பால எங்கீங்க காய்ச்சறது?"

"நூல் வெக்க எடம் பத்தல. அடுப்பப் பின்னால போட்டுக்கலாம்" என்றார் அப்பா.

கூடத்திலேயே மூன்று செங்கல்லை வைத்துப் பால் காய்ச்சினார்கள். பால் பொங்கி மெசினின் காலடி வரை ஓடியது. எல்லோரும் மகிழ, அப்பா பதறிப்போய்த் தோள் துண்டால் மெசினைத் துடைத்தார்.

அம்மா நின்று பார்த்தாள்.

"மெசின் குடிவந்திருச்சுங்க. நமக்கு எப்பங்க ஊடு கட்டறது?"