சவரி தேடிய பன்றி

ரூ பெர்தொனே தெருத் தேநீர்க் கடையில் நான் வடையைப் பிட்டபோது கடைக்காரர் சிவம் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணை, உங்கட சிநேகிதர் சவரி ஐயா மோசம் போயிட்டாராம். மகள் இப்பத்தான் போன் எடுத்தவ." சாவுச் செய்தி கேட்டு எழுந்தேன். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன்.

சவரி புதுச்சேரியில் பிறந்து, இங்கே பிரெஞ்சுத் தபால் நிலையத்தில் என் பக்கத்து மேசையில் காலம் தள்ளியவர். வாய் ஓயாத மனிதர். ஓய்வுபெற்றபின் ஞாயிறுதோறும் சோலோஞ் காட்டுக்கு வேட்டைக்குப் போனார் என்று அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியும். எதற்காகப் போனார் என்பது தெரியாது.

முதுகுவலிக்காரர் என்பதால் கனமில்லாத துப்பாக்கியாகப் பார்த்து வாங்கினார். ஆனால் அதில் கனமும் வேகமும் கூடிய குண்டைப் போட்டார். பிரெஞ்சு நண்பர்கள் முன்னால் சளைக்கக் கூடாதாம்! துப்பாக்கி லேசானால், சுடும்போது அது பின்னால் உதைக்கும் உதை முழுவதும் தோளுக்குத்தான். தோள் கன்றிப்போயும் யாரிடமும் சொல்லவில்லை. வீம்பு.

நான் துணைக்குப் போன அன்று ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டார். பட்டதோ இல்லையோ, அது நின்ற இடத்தைப் போய்ப் பார்ப்பது அங்கே வழக்கம். போனோம். சருகில் ரத்தம், ஓர் எலும்புத் துணுக்கு. கூட வந்த மோப்ப நாய் ஓடைவரை போய்த் திரும்பிவிட்டது.

"உதைக்குமேன்னு முன்னாடியே கண்ணை மூடிட்டேன்யா. கால்லதான் பட்டிருக்கு" என்றார். திரும்பும் வழியில் அவர் பேசவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு எடை குறைந்த குண்டுக்கு மாறினார். உதை தணிந்தது, கண்ணைத் திறந்தபடியே சுட முடிந்தது. ஆனால் தூரத்தில் அதற்கு வலுவில்லை என்பதால், மிருகம் கிட்டே இருந்தாலொழிய விசையைத் தொட மாட்டார். நண்பர்கள் கேலி செய்தார்கள். "தோள் தாங்குற குண்டு போதும்யா. மிச்சத்தைக் காலு நடக்கட்டும்" என்பார்.

போகப்போக சுடுவதும் நின்றது. அந்த ஓடைக்கரையையே சுற்றினார், அந்தப் பன்றியின் எலும்பாவது கிடைக்காதா என்று.

போன மாதம் மருத்துவமனையில் என் கையைப் பிடித்தார். "அது செத்திருக்குமா?"

"அன்னிக்கே செத்திருக்கும். தூங்குய்யா."

"நீ பாத்தியா?"

போர்வையை இழுத்து அவர் தோளை மூடினேன். சவரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துப்பாக்கியை மகள் போலீசில் ஒப்படைத்துவிட்டாள். அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்தப் பன்றி இருக்கிறது. கண்ணை மூடினால் மூன்று காலில் ஓடையைத் தாண்டுகிறது. இனி நான்தான் தேட வேண்டும்.