இரண்டு கடை மருந்து

ரெத்தினத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும் என்று கீழ்வேளூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சும்மா வந்த கோபம் இல்லை அது. அப்பன் காலம் வரைக்கும் ஊரான் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம். இவர் காலத்தில்தான் உடம்பைச் செருப்பாய்த் தேய்த்துச் சொந்தமாக நிலம் வாங்கினார். அதில் போட்ட முதல் சம்பா, கதிர் பிடிக்கிற நேரத்தில் புகையான் பூச்சி விழுந்தது. ஓடிப்போய் மருந்து வாங்கி வந்து அடித்தார். கடைக்காரன் கொடுத்தது போலி. வயல் வட்டம் வட்டமாகக் கருகிக்கொண்டே போனது. டப்பாவில் போட்டிருந்த படத்தில் மட்டும்தான் பூச்சி செத்துக் கிடந்தது. அந்தப் படுபாவி கடைசிவரைக்கும், "நீங்க அடிச்ச நேரம் சரியில்லைங்க" என்றே சாதித்தான்.

அதற்குப் பிறகு ரெத்தினம் எந்த மருந்தையும் ஒரே கடையில் வாங்கியதில்லை. இங்கே பாதி, அங்கே பாதி. இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து அடிப்பார். ஒருத்தன் ஏமாற்றினாலும் இன்னொருத்தன் மருந்து கேட்கும் அல்லவா? தலைவலி மாத்திரையைக்கூட அவர் இரண்டு கடையில்தான் வாங்குவார் என்று ஊர் கேலி பேசியது. பேசட்டும். கருகினது ஊர்க்காரன் வயலா?

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவரும் மகள் செம்மொழியும்தான். திருவாரூரில் கம்ப்யூட்டர் படித்தவள். சென்னையில் இருக்கும் சிநேகிதி தமிழ்நிலா, "என் கம்பெனியில ஆள் எடுக்குறாங்க, வாடி" என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "அப்பாவைத் தனியா விட்டுட்டு எப்படிடி வர்றது? வீட்டுலேருந்தே பாக்குற வேலை ஒன்னு இருக்கு. வெள்ளிக்கிழமை பரிட்சை. அது கிடைச்சா இங்கேயே இருந்துடுவேன். கிடைக்கலைன்னா வர்றேன்" என்று இவள் சொன்னது கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்த ரெத்தினத்தின் காதில் விழுந்தது. மறுநாள் நாகப்பட்டினத்திலிருந்து சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் போட்டார். "உக்காந்து வேலை பாக்கணும்ல" என்றார், ஏதோ வேலையே கிடைத்துவிட்ட மாதிரி.

அந்த வாரம் பார்த்தா வைரஸ் வரவேண்டும்? ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவிலிருந்து தொற்றிக்கொண்டது. செம்மொழி உட்கார்ந்து அரைநாளில் அதை எடுத்தே விட்டாள். பரிட்சைக்கான சாப்ட்வேரையும் போட்டு ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"மருந்து ஏதும் வாங்கிப் போடணுமாம்மா?"

"வேணாம்ப்பா. இதுக்குள்ளயே காவல் ஒன்னு இருக்கு. சும்மாவே வர்றது. அது போதும்."

சும்மா வருவது என்றதும் ரெத்தினத்துக்குச் சுருக்கென்றது. சும்மா கொடுக்கிறவன் எவன் உருப்படியானதைக் கொடுத்திருக்கிறான்? பிள்ளைக்கு உலகம் தெரியவில்லை. புகையானும் முதலில் தூருக்கடியில்தான் இருந்தது. மேலே நின்று பார்த்தவன் கண்ணுக்குத் தெரிந்ததா?

வியாழக்கிழமை செம்மொழி சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனாள். ரெத்தினம் கம்ப்யூட்டர் பெட்டியைத் துண்டில் சுற்றி மொபெட்டில் வைத்துக் கீழ்வேளூர்க் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். அங்கே சைபுல்லாவின் கம்ப்யூட்டர் கடை. ஆன்டிவைரஸிலேயே ஏழெட்டு தினுசு அட்டைப்பெட்டி தொங்கியது. எல்லாவற்றிலும் ஒரு கேடயம், ஒரு பூட்டு. மருந்து டப்பாவில் செத்த பூச்சியைப் போட்ட அதே புத்தி என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுல எதுப்பா நல்லது?"

"வீட்டுக்குத்தானே அண்ணே? உள்ளே இருக்குறதே போதும். மனசு கேக்கலைன்னா இதைப் போட்டுத் தரேன். ஆனா ஒன்னுதான். இதுக்கு மேல இன்னொன்னு போட்டுடாதீங்க. ஒரு உறையில ரெண்டு கத்தி மாதிரி ஆயிடும்."

போட்டுக் கொடுத்தான். அவன் கடைசியாகச் சொன்னதுதான் ரெத்தினத்தின் தொண்டையில் முள்ளாக நின்றது. எதற்காக இன்னொன்று கூடாது? அடுத்த கடைக்காரன் பிழைத்துவிடுவான் என்றுதானே? யாரிடம் காது குத்துகிறான்? வண்டியை நேரே நாகப்பட்டினத்துக்கு விட்டார். அங்கே ஒரு கடையில் வேறு கம்பெனிச் சரக்கைக் கேட்டார். அந்த ஆள் ஒரு கேள்வி கேட்கவில்லை. திரையில் ஏதோ எச்சரிக்கை வந்தது. தட்டிவிட்டுப் போட்டுக் கொடுத்தான். வளவளவென்று பேசாத யோக்கியன் என்று ரெத்தினம் அவனை மெச்சிக்கொண்டார். அன்று சாயங்காலம் களைத்து வந்த மகளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முன்பே சரிபார்த்த பெட்டியைத் திரும்பத் திறக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பரிட்சை. ஒன்பதரைக்குச் செம்மொழி கம்ப்யூட்டரைப் போட்டாள். அது திறக்கவே மாமாங்கம் ஆனது. பிறகு பரிட்சை சாப்ட்வேரைத் தொட்டாள். ஒரு பெட்டி எழும்பி, இது ஆபத்தானது, பிடித்துப் பூட்டிவிட்டேன் என்றது. அதை விடுவிக்கப் போனால் இன்னொரு பெட்டி எழும்பி முதல் பெட்டியையே திருடன் என்றது. இரண்டு காவல்காரன்களும் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் பிடித்துக்கொண்டு நிற்க, மவுஸ் செத்தது. அணைத்துப் போட்டாள். திரும்பவும் அதே கூத்து. பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், பத்தே காலுக்குக் கதவு சாத்திவிடும் என்பது விதி. பத்தே கால் வந்தது, போனது.

செம்மொழி மெல்லத் திரும்பினாள். "என்னப்பா பண்ணுனீங்க?"

ரெத்தினம் சொன்னார். சொல்லும்போதே கோபம் தலைக்கேறியது. "களவாணிப் பய எவனோ போலியைத் தலையில கட்டிட்டான். ரெண்டு பேர்ல ஒருத்தன்தான். போயி அவன் கடையை..." என்று வேட்டியை மடித்துக்கட்டினார்.

"எவனும் போலி கொடுக்கலை. ரெண்டும் நல்ல சரக்கு. அதான் ரெண்டும் அடிச்சுக்குது." அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "சைபுல்லா அண்ணன் ஒன்னு போதும்னு சொல்லலை?"

"கடைக்காரன் பேச்சை நம்பி..."

"சரி, அவரு கடைக்காரரு. நான் யாரு? வேணாம்னு சொன்னேன்ல? இதைத்தானே மூணு வருஷம் படிச்சேன்? வயல்ல கிடந்து நீங்கதானே படிக்க வச்சீங்க? படிச்சதை ஒரு நாளாவது நம்புனீங்களா? என்னையும் ஒரு கடைக்காரியாத்தானேப்பா பாத்தீங்க."

ஆயுசு முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டே வந்த மனுஷனுக்குத் திட்ட ஒரு ஆள் அகப்படவில்லை. அவள் அவர் கண் எதிரிலேயே தமிழ்நிலாவுக்குப் போன் போட்டு, "வர்றேன்டி" என்றாள்.

திங்கட்கிழமை காலை நாகப்பட்டினம் பேருந்து நிலையத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதும் அவருக்கு எரிச்சல் அடங்கவில்லை. கூட்டத்தின் மேல், வெயிலின் மேல், அவள் பேசாமல் வருவதன் மேல். ஒரு பஸ் கிளம்ப நின்றது.

"சென்னை போகுமா?"

"போகும் பெரியவரே, ஏறச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர்.

பழக்கதோஷம். பக்கத்துக் கடைக்காரனிடம் இன்னொரு தடவை கேட்கத் திரும்பினார். மகள் தன்னையே பார்ப்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு பையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். "வேளாவேளைக்குச் சாப்பிடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் வாசலைத் தாண்டும்போது கண்டக்டர் படியில் நின்று "சென்னை, சென்னை" என்று கத்தினார். அந்த ஆள் மேல் ரெத்தினத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறான்கள். இவன் ஒருத்தன் சொல்லியிருக்கக் கூடாதா?