ஒரே பனிக்காலத்தில் வெட்டிய ஒன்பது மரங்கள்

எங்கள் தல்கர் ஊரில் ஒரால்பெக் அண்ணனைவிட ஆப்பிள் மரம் தெரிந்த ஆள் கிடையாது. முப்பது வருடம் கூட்டுப்பண்ணைத் தோட்டத்தில் ரம்பமும் கத்தரியுமாகத் திரிந்தவர். பண்ணை கலைந்தது, மனைவி போய்ச் சேர்ந்தாள், ஒரே மகள் கம்ஷாத் வடக்கே தொலைவில் பவ்லோதார் நகரத்தில் குடியேறினாள். அதற்கப்புறம் மனுஷன் தன் வீட்டு மரங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பத்து வருடத்தில் ஒன்பது மரமும் கிளைமேல் கிளை பின்னி, உள்ளே வெயில் இறங்காமல், காய்ப்பை மறந்து நின்றன. அவரும் அப்படித்தான். கடையில் ரொட்டி கேட்பதைத் தவிர வாயைத் திறக்கமாட்டார்.

பக்கத்து வீட்டில் நானும் ஒருத்தி, ஒண்டிக்கட்டைதான். ஒரு பனிக்காலத்தில், என் கிழட்டு மரத்தையாவது பாருங்கள் என்று நச்சரித்து ஏறவைத்தேன். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டிவிட்டு இறங்கிவிட்டார். கிழட்டு மரத்தை மூன்று பனிக்காலமாகத்தான் மீட்கவேண்டும், ஒரேயடியாக வெட்டினால் மிரண்டுபோய்க் குச்சியாக விட்டுத் தள்ளும், பழம் வைக்காது என்றார்.

அடுத்த பனிக்காலம் கம்ஷாத் போன் செய்தாள். இலையுதிர் காலத்தில் வருவாளாம். வீடும் தோட்டமும் பாழாய்க் கிடந்தால் விற்றுவிட்டு அவரைக் கூட்டிப்போவாளாம். அந்த வீட்டைவிட்டுப் போவதென்றால் அவருக்கு உயிரே போய்விடும். மறுநாள் காலையிலேயே ரம்பச் சத்தம். ஒன்பது மரத்தையும் மொட்டையடித்துக்கொண்டிருந்தார். பைத்தியமா உங்களுக்கு, சொன்னதை நீங்களே மறந்தாச்சா என்று கத்தினேன். இந்த வருடமே காய்க்கவேண்டும் என்றார். தெரியாமல் செய்திருந்தால் பரவாயில்லை, தெரிந்தே செய்தார். எனக்கு அதுதான் ஆத்திரம்.

கோடையில் அவர் மரங்களெல்லாம் துடைப்பத்தைக் கவிழ்த்த மாதிரி நெட்டுக்குத்தாகக் குச்சி விட்டன. காய் என்று ஒன்றுகூட இல்லை. என் மரத்திலோ கிளை ஒடியக் காய். ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்து, மகளிடம் உங்கள் மரத்துப் பழம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கம்ஷாத் வந்ததும் இருவரையும் தேநீருக்குக் கூப்பிட்டேன். என் ஆப்பிளைக் கடித்தவள் வேலியைத் தாண்டிப் பார்த்தாள்.

"அத்தை மரத்தப் பாருங்கப்பா, எப்படிக் காய்ச்சிருக்கு. நம்ம மரம் நிக்கிற நிலையப் பாருங்க. இனிமே உங்களால முடியாதுப்பா."

எனக்குப் பொறுக்கவில்லை. "இந்த மரத்த வெட்டிவிட்டதே உங்கப்பன்தான்டி," என்றேன்.

"அப்ப நம்ம மரம் மட்டும் ஏம்ப்பா இப்படி?"

அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இது அடுத்த வீட்டு மரம், நிதானமா வெட்டினேன். பத்து வருஷமா வராதவ வர்றேன்னு சொன்னதும் கை நிக்கலம்மா."

கம்ஷாத் அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள். இனி ஒரு நாள்கூட உங்களைத் தனியாக விடமாட்டேன் என்றாள். அவரும் சரியென்று தலையாட்டினார். அவருக்குப் பரிந்து பேசப்போய் நானே அவரை அனுப்பிவைத்தேன்.

வியாழக்கிழமை மகளோடு ரயிலேறினார். இப்போது திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் நான் ஒருத்தி இங்கே இருக்கிறேன்.